ஏழாவது வேட்பாளர்

அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று நான் போட்ட அட்டவணை. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் அறிவித்திருந்தார்கள். பாய் நீளத்துக்கு இருந்த வேட்பாளர் பட்டியலில் ஆறு பேரைப் பொறுக்கி, அவர்களின் விஞ்ஞாபனங்களை வரி வரியாக வாசித்து, கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதியிருந்தேன். மற்றது என் மனைவியின் தாள். காணி உறுதி எழுதும் யாழ்ப்பாணத்து நொத்தாரிசு அனுப்பியது. அவளுடைய சீதனக் காணி நாலு பரப்பை விற்பதற்குக் கணவனாகிய நான் சம்மதிக்கிறேன் என்று எழுதி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தது.

என் அட்டவணையை ஒவ்வொரு நாள் காலையிலும் பேனையோடு போய்த் திருத்தினேன். பக்கத்துத் தாளின் கோடு ஏழு வாரமாக வெறுமையாகக் கிடந்தது.

எங்கள் சட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தேசவழமை என்று ஒன்று இருக்கிறது. வடபகுதித் தமிழருக்கென்று ஒல்லாந்தர் காலத்தில் எழுதிவைத்தது, பிறகு வெள்ளைக்காரன் திருத்தியது, இன்றைக்கும் உயிரோடு இருப்பது. அதன்படி மணமுடித்த பெண்ணின் சீதனக் காணி அவளுடையதுதான். ஆனால் புருஷன் எழுத்தில் சம்மதம் தராமல் அவள் அதை விற்க முடியாது. புருஷன் தனக்குப் பெற்றோர் வழியாக வந்த முதுசக் காணியை விற்பதற்கு அவளிடம் கேட்கத் தேவையில்லை. நீங்கள் மெல்பேணில் இருபது வருடம் வரி கட்டியிருந்தாலும் சரி, அவள் இங்கே தனியாக வீட்டுக் கடனே எடுத்திருந்தாலும் சரி, காணி அங்கே இருக்கிறது, சட்டமும் அங்கேயே இருக்கிறது.

அவள் விற்கக் கேட்டதற்குக் காரணம் ஒரு கார். அவள் நாங்கள் இருக்கும் மெல்பேண் புறநகர் டார்னெய்ட்டில் வாகனம் ஓட்டப் பழக்குகிறாள். வேறொருவரின் பயிற்சி நிலையத்தில், அவர் தருகிற நேரத்தில், அவருடைய காரில். அவளிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் புதிதாக வந்த பெண்கள். பால் வாங்கவும் புருஷன் வேலையால் வரும்வரை காத்திருக்கிறவர்கள். அவளுக்கே ஓட்டப் பழக்கிய கிரேக்கக் கிழவர் ஒருவர் ஓய்வெடுக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. இரண்டு பக்கமும் பிரேக் வைத்த கார், கூரையில் வைக்கிற பலகை, கையில் இருக்கும் மாணவர்கள், எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க அவர் தயாராக இருந்தார். முதலில் அவளிடம்தான் கேட்டார். அவளும் ஒரு கிழமைக்குள் யாழ்ப்பாணத்தில் இருக்கிற தன் தம்பியைப் பிடித்து, காணிக்கு ஆள் பார்த்து, நொத்தாரிசிடம் தாள் எழுதுவித்து, என் முன்னால் வைத்துவிட்டாள்.

"தேர்தல் முடியட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்" என்று சொன்னேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு அப்போது என்னிடம் மூன்று நியாயங்கள் இருந்தன. சரியான ஆள் வென்றால் காணி விலை ஏறும். பிழையான ஆள் வென்றால் வாங்குகிறவன் பின்வாங்குவான், அப்போது யோசிக்கலாம். மூன்றாவது, ஊரில் ஒரு பிடி மண்ணாவது இருக்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். அந்த மண்ணை நான் வாழ்நாளில் இரண்டு முறைதான் மிதித்திருக்கிறேன்.

என் கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது இல்லாமல் இந்தக் கதை இல்லை. எனக்கு அரசாங்கம் என்றாலே பிடிக்காது. நான் வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டும். சண்டை பிடித்த இரண்டு பக்கத்திலும், இயக்கத்திடம் ஒரு பாஸ், இராணுவத்திடம் இன்னொரு பாஸ். நீ போய்விட்டுத் திரும்பி வருவாய் என்பதற்கு வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டும். பத்தொன்பது வயதில், கொழும்பில் ஒரு நேர்முகத்துக்குப் போக, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவனின் முன்னால் கைகட்டி நின்றேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவனாக இருப்பான். "ஏன் போகவேணும்?" என்றான். சொன்னேன். "அடுத்த கிழமை வா, பாப்பம்" என்றான். நேர்முகம் அந்தக் கிழமையே முடிந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்த கோபம் இன்றைக்கும் இறங்கவில்லை.

இங்கே வந்து எலெக்ட்ரீஷியனாகச் சொந்தத் தொழில் செய்கிறேன். இங்கேயும் ஓயவில்லை. பின்வளவில் மழைக்கு ஒரு தகரக் கூரை போட நகரசபைக்குப் பின்னால் அலைந்ததைக் கேட்டால் உங்களுக்கே வெறுத்துவிடும். என் வளவு, என் தகரம், என் ஏணி, ஆனால் எங்கேயோ ஏசி அறையில் இருக்கிற ஒருவர் தலையாட்ட வேண்டும். ஆகவே ஒரு வேட்பாளரை எடைபோட என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. இவர் என்னென்ன செய்வார் என்று நான் கேட்பதில்லை. எதிலிருந்து கையை எடுப்பார் என்று கேட்பேன்.

அட்டவணையின் கட்டங்கள் அப்படித்தான் இருந்தன. காணி, வரி, இறக்குமதி, பேச்சு, பொலிஸ். கடைசிக் கட்டத்துக்கு 'கையை எடுப்பாரா?' என்று தலைப்பு.

ஆறு பேரையும் நான் அந்தக் கட்டங்களில் போட்டு உலுப்பினேன். ஒருவர் சந்தையைத் திறந்துவிடுவேன் என்றார், அடுத்த பக்கத்திலேயே அரிசிக்கும் முட்டைக்கும் விலை கட்டுவேன் என்றார். கோழிக்கு யார் சொல்லுவது? இன்னொருவர் ஊழலை ஒழிப்பேன் என்றார், அதற்கு நாலு புது ஆணைக்குழுவும் ஒரு புது அமைச்சும் கேட்டார். ஒருவர் ஜனாதிபதி ஆட்சிமுறையையே ஒழிப்பதற்காக ஜனாதிபதியாகப் போகிறாராம். இதை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். அந்தக் கதிரையில் இருந்தவுடன் எல்லாருக்கும் அது மெத்தையாகிவிடுகிறது. ஒரே நாளில் இரசாயன உரத்தை நிறுத்தி, வயலில் நின்றவனின் வயிற்றில் அடித்த நாடு அது. ஒருவராவது அந்தப் பிழையிலிருந்து படித்து, இனிமேல் விவசாயியை அவன்பாட்டில் விடுவேன் என்று எழுதவில்லை. எல்லாரும் அவனுக்கு நல்லது செய்யத்தான் நின்றார்கள். தமிழருக்கென்று நின்றவரின் தாளையும் விடவில்லை. படை பிடித்துவைத்திருக்கும் காணியை விட வேண்டும் என்றார், அதற்கு முழுப் புள்ளி போட்டேன். வரி பற்றி, வியாபாரம் பற்றி, ஒரு சனத்துக்குத் தன் தொழிலைத் தான் நடத்துகிற உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை, அதற்கு முட்டை போட்டேன்.

இந்த ஆறு பேருக்கும் போட எனக்கு வாக்குக் கிடையாது என்பது வேறு கதை. நான் அவுஸ்திரேலியக் குடிமகன். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் டார்னெய்ட்டிலிருந்து பாலம் தாண்டி, நகரத்தைக் குறுக்கறுத்து, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி மல்கிரேவுக்குப் போனேன். அங்கே ஒரு அங்கிளின் கராஜ். ஊரில் ஆசிரியராக இருந்தவர், எழுபது தாண்டியவர். கராஜில் பிளாஸ்டிக் கதிரைகளும் ஒரு மடக்கு மேசையும் போட்டு, சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடி நாட்டை நடத்துவார்கள். எல்லாருக்கும், ஊரில் இருக்கிற சொந்தங்கள் யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்று போனில் சொல்லிக் கொடுக்கிற வேலை. எனக்கு அதுவும் ஆகாது.

"தம்பி, கொள்கை கிள்கை எல்லாம் பிறகு. ஆள் எங்கட ஆளோ இல்லையோ, அதைச் சொல்லும்" என்பார் அங்கிள்.

"எங்கட ஆள் எண்டால் எங்கட பொக்கற்றுக்குள்ள கை வைக்கலாமோ, அங்கிள்?"

"நீர் ஒரு மாதிரித்தான் கதைக்கிறீர். அரசாங்கம் இல்லாமல் றோட்டு யார் போடுறது?"

"றோட்டைப் போடட்டும். அதில நான் எங்க போறன் எண்டு கேக்கக் கூடாது."

இப்படி நாலு சனிக்கிழமை கத்தினேன். அட்டவணையைப் படம் பிடித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, சிட்னி வெஸ்ட்மீட்டில் இருக்கும் ஒரு டொக்டர், "இது பணக்காரரின்ர கதை" என்று ஒரே வரியில் பதில் போட்டார். அவருக்கு மூன்று பக்கம் பதில் எழுதினேன். எழுதி முடித்தபோது என் மனைவி வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி, குசினிக்குப் போய், கதவில் இருந்த தன் தாளைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணிக்கு வைத்தாள். கேட்டு அலுத்திருந்தாள்.

ஒரு நாள் மகள்தான் கேட்டாள். பல்கலைக்கழகம் போகிறவள், பால் எடுக்கக் கதவைத் திறக்க வந்தவள், தாளை வாசித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அப்பா, இது அம்மாட லாண்ட் தானே? வை டு யூ ஹாவ் டு சைன்?"

"அது சட்டம், பிள்ளை" என்றேன்.

சொன்ன கையோடு என் வாயை நானே அடைத்திருக்கலாம். சட்டம் என்பதற்காக ஒன்று சரியாகிவிடாது என்று எத்தனை சனிக்கிழமை மேசையில் அடித்திருப்பேன். மகள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "தட்ஸ் வியர்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மகள்மேல் கோபம் வந்தது. பிறகு மனைவிமேல், தாளைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாளே என்று. என்மேல் மட்டும் வரவில்லை.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை அட்டவணையைக் கதவிலிருந்து கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மல்கிரேவுக்குப் போனேன். கடைசித் தீர்ப்புச் சொல்லுகிற நாள். கராஜ் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்று, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வேட்பாளராக உரத்து வாசித்தேன். அன்றைக்கு எல்லாரும் வாயை மூடிக் கேட்டார்கள். ஆறாவது ஆளை முடித்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் அப்படியே அடுத்த வரிக்குப் போனேன். அது என் எழுத்து இல்லை என்பது வாய் திறந்த பிறகுதான் தெரிந்தது.

"ஏழாவது வேட்பாளர், இந்த வீட்டுக்காரர். காணி, தன்னுடையதல்லாத காணிக்கும் தன் கையெழுத்து வேண்டும். பேச்சு, தான் பேசலாம். இறக்குமதி, ஒரு பழைய கார்கூட உள்ளே வர முடியாது."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கடைசிக் கட்டத்தைக் கண் ஏற்கெனவே வாசித்துவிட்டது, வாயும் பின்னால் போய்விட்டது.

"கையை எடுப்பாரா? தேர்தலுக்குப் பிறகு."

கராஜே சிரிப்பில் குலுங்கியது. ஒருவர் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு பின்னால் சாய்ந்தார். அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இந்த ஆளுக்குத் தேர்தலுக்குக் கட்டின கட்டுக்காசும் திரும்பக் கிடையாது" என்றார். அவர்களில் எத்தனை பேரின் வீட்டில் அதே மாதிரித் தாள் கிடக்கிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். என் வேலை வண்டி யூட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுப் படியேறியதும் அட்டவணையை மேசையில் எறிந்தேன்.

"நாலு பேருக்கு முன்னால என்னை நாறடிச்சுப் போட்டீர்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நான் கதவில கிடந்த தாளிலதான் எழுதினனான். செவ்வாய்க்கிழமையில இருந்து அதில கிடக்குது. ஒவ்வொரு நாளும் பேனையோட போறனீங்கள், வாசிப்பியள் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஒண்டு பிடிக்கேல்லை எண்டால் நேர சொல்ல வேண்டியதுதானே?"

"ஏழு கிழமையா வேற என்ன செய்தனான்?"

நான் அந்த மூன்று நியாயங்களையும் திரும்ப எடுத்தேன். விலை ஏறும், ஆள் பின்வாங்குவான், பிடி மண். குரல் ஏற ஏற நியாயம் இறங்கியது, எனக்கே கேட்டது. கடைசியில், சொல்லக் கூசுகிறது, "நான் சைன் வைக்காட்டி நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்த துவாயைக் கீழே வைத்தாள்.

"கோட்டுக்குப் போகலாமாம். காரணமில்லாமல் மனுசன் மாட்டன் எண்டால் நீதிபதி அவருக்குப் பதிலாச் சம்மதம் குடுப்பாராம். நொத்தாரிசு முதல் நாளே சொன்னவர். நான்தான் வேண்டாம் எண்டனான். இவர் அப்பிடியான ஆள் இல்லை, பாஸ் எடுக்கப் போய் நிண்ட ஆள், அவருக்கு விளங்கும் எண்டு சொன்னனான்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் துவாயை எடுத்து மடித்தாள். நான் வெளியே போய், அனுமதி வாங்கிக் கட்டிய அந்தத் தகரக் கூரையின் கீழே நின்றேன். ஏன் போகவேணும் என்று கேட்டவன், அடுத்த கிழமை வா என்றவன், அவனுடைய முகம் இவ்வளவு காலம் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. இந்த முறை அந்த மேசைக்குப் பின்னால் நான் இருந்தேன்.

அப்போதே உள்ளே போய்க் கையெழுத்து வைத்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திராது. வைக்கவில்லை. ரோஷம். கராஜில் சிரித்த சிரிப்பு காதில் இருந்தது. அவள் கேட்டு நான் பணிந்ததாக இருக்கக் கூடாது என்று இன்னும் ஒன்பது நாள் இழுத்தேன். தேர்தல் நடந்தது. ஒருவர் வென்றார். என் அட்டவணையில் அவருக்கு எத்தனை புள்ளி என்று பார்க்கக்கூட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல் அவளையும் கூட்டிக்கொண்டு தூதரக அலுவலகத்துக்குப் போனேன். தாளைக் கவனமாக வாசித்த அலுவலர், "காணி உங்கட மனைவியின்ர. நீங்கள் மனமொப்பித்தான் சம்மதிக்கிறியளோ?" என்று என்னைக் கேட்டார். விற்க விருப்பமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. எந்த விஞ்ஞாபனத்திலும் அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை. ஆறு பேரையும் உலுப்பிய எனக்கும் அதற்கொரு கட்டம் போடத் தோன்றவில்லை. "ஓம்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். மூன்று வினாடி எடுத்தது.

வெளியே வந்து தாளை அவளிடம் நீட்டி, "இனிக் கிழவரிட்டப் போவம். இப்பவே போவம்" என்றேன்.

"அவர் வெள்ளிக்கிழமை குடுத்திட்டார்" என்றாள். "மாத முடிவு மட்டும்தான் பொறுப்பன் எண்டவர். அதுக்கு மேலயும் மூண்டு நாள் பாத்தவர், பாவம்."

"அப்ப ஏன் என்னோட வந்தனீர்?"

"என்ர காணி தானே. தாள் கையில இருக்கட்டும். இன்னொரு கார் வராமலே போகப் போகுது?"

தாளை உறைக்குள் போட்டுக் கைப்பைக்குள் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அவள் இன்னும் மற்றவரின் காரில்தான் பழக்குகிறாள், அவர் தருகிற நேரத்தில். போன கிழமை நாங்கள் டார்னெய்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சிக்னலில் நின்றபோது, கிழவரின் பழைய கார் எதிரே வந்து நின்றது. கூரையில் அதே பலகை, அதில் வேறொருவரின் போன் நம்பர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது எங்கள் ஆட்களைப் போல ஒரு பெண். பயத்தில் தோள் காதுவரை ஏறியிருந்தது. பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். என் மனைவி கண்ணாடியை இறக்கி, அவளைப் பார்த்து, அவசரமில்லை, மெல்ல எடும் என்று கையால் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு எடுத்துப் போனாள்.

என் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் பார்த்தாள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஏசுவதற்கு நகரசபை இல்லை, ஜனாதிபதி இல்லை, டொக்டர் இல்லை. அந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட மல்கிரேவிலும் ஒரு கதிரை கிடையாது.